நைட்ரோ பக்கி: பெட்டியைப் பிரித்ததும் ஓட்டலாமா?

ஈரோட்டிலிருந்து ஒரு நண்பர் கேட்டிருக்கிறார்: "ரிமோட்டில் ஓடும் நைட்ரோ பக்கி (மண்தரையில் ஓட்டும் சின்னக் கார்) வாங்கலாம் என்று இருக்கிறேன். இரண்டு வண்டி பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று 1/10 அளவு, அதாவது நிஜ வண்டியில் பத்தில் ஒரு பங்கு, 18 இன்ஜின். இன்னொன்று 1/8 அளவு, 21 இன்ஜின், விலை ஏறக்குறைய மூன்று மடங்கு. இரண்டிலுமே ரெடி டு ரன் என்று போட்டிருக்கிறது. எது வேகம்? பெட்ரோல் எவ்வளவு குடிக்கும்? ஊருக்கு வெளியே வறண்ட ஏரி ஒன்று இருக்கிறது, அங்கேதான் ஓட்டப் போகிறோம். 12 வயதுப் பையனும் ஓட்டுவான்." வேகத்தைப் பற்றிக் கேட்டது போல இருந்தாலும் நண்பர் தெரிந்துகொள்ள விரும்புவது வேறு என்றுதான் எனக்குப் படுகிறது. இவ்வளவு காசு போட்டுப் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தால், ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பாவும் பையனும் ஏரிக்குப் போய் ஓட்டிவிட்டு வர முடியுமா, இல்லை நாலே வாரத்தில் அது பரண் மேல் ஏறிவிடுமா? அதற்குத்தான் பதில் எழுதுகிறேன். வேகத்துக்கு ஒரு வரி போதும்: இரண்டுமே ஒழுங்காக டியூன் செய்தால் மணிக்கு 50, 60 கிலோமீட்டரைத் தொடும், புதிதாக ஓட்டுபவருக்கு அதில் பாதியே அதிகம்.

நான் கோவையில் லேத் பட்டறை வைத்திருப்பவன். பதினாறு வருடமாக இந்தச் சின்ன இன்ஜின்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். சொந்தமாக ஓட்டியவை பெரும்பாலும் 1/8 பக்கிகள், 1/10 இரண்டுதான். பந்தயத்துக்குப் போனவன் இல்லை, ஆகவே ஒரு சுற்றில் அரை வினாடி குறைப்பது எப்படி என்று என்னிடம் கேட்காதீர்கள். இன்ஜின் ஏன் கிளம்பவில்லை, ஏன் நின்றது, ஏன் செத்தது என்று கேட்டால் சொல்வேன். அந்த மூன்றிலும் எனக்குச் சொந்த அனுபவம் நிறைய உண்டு.

முதலில் அந்த 18, 21 என்ற எண்கள். பலர் அதை சிசி என்று நினைத்துக்கொள்கிறார்கள், விற்பவர்களும் திருத்துவதில்லை. கன அங்குலத்தில் நூறில் எத்தனை பங்கு என்பதுதான் அந்த எண். 21 என்றால் 0.21 கன அங்குலம், நம் கணக்கில் ஏறக்குறைய 3.5 சிசி. 18 என்றால் 3 சிசிக்கு ஒரு மயிரிழை குறைவு. ஆர்எக்ஸ் 100 பைக்கின் இன்ஜின் 98 சிசி என்பதை வைத்துப் பார்த்தால் இது எவ்வளவு சுண்டைக்காய் என்று புரியும். ஆனால் ஆர்எக்ஸ் தன் முழு பலத்தைக் காட்டுவது 7500 சுற்றில், இந்தச் சுண்டைக்காய் நிமிடத்துக்கு 30,000 சுற்றைத் தாண்டும். இதனுடைய நல்ல குணம், கெட்ட குணம் எல்லாமே அங்கிருந்துதான் வருகின்றன.

பெட்ரோல் எவ்வளவு குடிக்கும் என்றால், ஒரு சொட்டுக்கூடக் குடிக்காது, ஊற்றவும் கூடாது. கடைக்காரர்கள் 'பெட்ரோல் கார்' என்று சொல்லி விற்பதால் வந்த குழப்பம் இது. நைட்ரோ எரிபொருள் என்பது பெரும்பகுதி மெத்தனால், அதில் 16 முதல் 25 சதவீதம் வரை நைட்ரோமீத்தேன், மீதி எண்ணெய். இந்த இன்ஜினில் பொறி விடும் ஸ்பார்க் பிளக் கிடையாது. க்ளோ பிளக் என்று ஒன்று இருக்கும், அதன் அடியில் பிளாட்டினம் கலந்த ஒரு கம்பிச் சுருள். கிளப்பும்போது மட்டும் ஒன்றரை வோல்ட் கொடுத்து அதைச் செக்கச் சிவக்கப் பழுக்க வைக்கிறோம். இன்ஜின் ஓட ஆரம்பித்ததும் பேட்டரியைக் கழற்றிவிடலாம். மெத்தனால் ஆவி பிளாட்டினத்தின் மேல் படும்போது நடக்கும் வினையும் அமுக்கத்தின் சூடும் சேர்ந்து அந்தச் சுருளைக் கனலாகவே வைத்திருக்கும். பெட்ரோல் அந்த வேலையைச் செய்யாது. போதாததற்கு, சிலிக்கோன் குழாய்களை ஊதிப் பெருக்கவும் செய்துவிடும். நிஜமாகவே பெட்ரோலில் ஓடும் வண்டிகள் 1/5 அளவில் இருக்கின்றன, 23 சிசிக்கு மேல், ஸ்பார்க் பிளக்கோடு, டூ-டி ஆயில் கலந்து. அது வேறு விலை, வேறு எடை, வேறு ஆபத்து.

எரிபொருளில் இருக்கும் அந்த எண்ணெயில் ஒரு பங்கு பல கலவைகளில் ஆமணக்கு எண்ணெய்தான், நம் வீட்டு விளக்கெண்ணெயின் சுத்திகரித்த வடிவம். மற்ற செயற்கை எண்ணெய்கள் சூட்டில் கைவிடும் இடத்திலும் அது உலோகத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். புகையின் அந்த மணம் ஒருமுறை சட்டையில் ஏறினால் சலவைக்குப் போனாலும் மறக்காது. இதைப் படித்துவிட்டு யாரும் மருந்துக்கடை விளக்கெண்ணெயை ஊற்றிக் கலக்க வேண்டாம். அதற்கு முன்னால் மெத்தனால் கிடைக்க வேண்டுமே, சிக்கலே அங்கேதான் இருக்கிறது.

தமிழ்நாட்டில் மெத்தனாலை வாங்கவும் வைத்திருக்கவும் விற்கவும் உரிமம் வேண்டும். காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தது மெத்தனால் கலந்த சாராயத்தால். ஆகவே "வீட்டிலேயே கலந்துகொள்ளலாம், பாதி விலை" என்று யாராவது யோசனை சொன்னால் காதில் வாங்காதீர்கள். அது சட்டத்துக்கும் ஆகாது, உடம்புக்கும் ஆகாது. தயாராகக் கலந்து, மூடி முத்திரையிட்ட டப்பாவில், பில்லோடு விற்கும் ஹாபி கடையில் மட்டும் வாங்குங்கள். விமானம் வழியாகப் போகும் கூரியரில் இது வராது, ரயிலில் எடுத்துப் போகவும் கூடாது. தரைவழி அனுப்ப முடிந்த கடைக்காரர் வேண்டும், அல்லது நீங்களே வண்டி எடுத்துக்கொண்டு போய் வாங்கிவர வேண்டும். நம் ஊரில் மட்டும்தான் இந்தக் கெடுபிடி என்று நினைக்காதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 பிப்ரவரியிலிருந்து 16 சதவீதத்துக்கு மேல் நைட்ரோமீத்தேன் உள்ள எரிபொருளைப் பொதுமக்களுக்குச் சும்மா விற்க முடியாது, வெடிபொருள் செய்யப் பயன்படும் என்பதால். ஆகவே நான் சொல்லும் முதல் வேலை, வண்டிக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்னால் எரிபொருள் கடைக்குப் போன் போடுவது. "எந்தச் சதவீதம் இருக்கிறது, ஈரோட்டுக்கு எப்படி வரும், அடுத்த மாதமும் கிடைக்குமா" என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்குப் பதில் இழுத்தால் நைட்ரோவை மறந்துவிடுங்கள். வண்டி எதுவாக இருந்தாலும் பரணுக்குத்தான் போகும்.

செலவுக் கணக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1/8 பக்கியின் டேங்க் 125 சிசி. 21 இன்ஜின் அதை எட்டு, பத்து நிமிடத்தில் காலி செய்யும். லிட்டருக்கு எட்டு டேங்க், அதாவது ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். 1/10 வண்டிக்கு டேங்கும் சின்னது, குடிப்பதும் குறைவு. அப்பாவும் பையனும் மாற்றி மாற்றி ஓட்டினால் ஒரு ஞாயிறுக்கு ஒரு லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, ரெடி டு ரன் என்பதற்கு வருவோம். பாகம் பாகமாக வாங்கி நீங்களே பூட்ட வேண்டிய கிட் இல்லை, பூட்டியே வருகிறது என்பதற்கு மேல் அதற்கு அர்த்தம் கிடையாது. இன்ஜின், சைலன்சர், ஸ்டியரிங்கையும் த்ராட்டிலையும் அசைக்கும் சர்வோ மோட்டார், ரிமோட் எல்லாம் இருக்கும். எரிபொருள் இருக்காது. க்ளோ பிளக்கைப் பழுக்கவைக்கும் இக்னைட்டர் பெரும்பாலும் இருக்காது. ரிமோட்டுக்கும் ரிசீவருக்கும் பேட்டரி, எரிபொருள் ஊற்றும் மூக்கு பாட்டில், பிளக் கழற்றும் நான்குமுனை ஸ்பேனர், மாற்று க்ளோ பிளக் நாலைந்து, ஏர் ஃபில்டருக்கான எண்ணெய், ஓட்டி முடித்தபின் இன்ஜினுக்குள் விடும் எண்ணெய், துப்பாக்கி மாதிரி நீட்டிப் பார்க்கும் வெப்பமானி என்று எல்லாவற்றையும் தனியாக வாங்க வேண்டும். வண்டி விலையில் கால் பங்காவது இதற்கு ஒதுக்கிவிடுங்கள். ஒதுக்காமல் வாங்கியவர்கள் முதல் ஞாயிற்றுக்கிழமை பெட்டியை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

எல்லாம் வாங்கிவிட்டாலும் முதல் நாள் ஓட்ட முடியாது, ஏனென்றால் பெட்டியில் வருவது இன்னும் பழகாத இன்ஜின். பைக்குக்கு ரன்னிங் இன் என்று சொல்வோமே, அதேதான், ஆனால் இங்கே அது கொஞ்சம் கறாரானது. இந்த இன்ஜின்களில் பிஸ்டன் ரிங் கிடையாது. அலுமினியப் பிஸ்டன், அது மேலும் கீழும் ஓடும் குழாயான பித்தளை ஸ்லீவ், அதன் உள்பக்கம் குரோம் பூச்சு. ஸ்லீவ் மேலே போகப் போக மிக லேசாகக் குறுகும். சூடு ஏறி விரிந்த பிறகுதான் இடைவெளி சரியாக வரும். அதனால் புது இன்ஜின் ஆறியிருக்கும்போது பிஸ்டன் உச்சிக்குப் போகையில் இறுகிக்கொள்ளும். இன்ஜினைக் கிளப்பும் கயிற்றை இழுத்தால் பாதியில் 'க்றீச்' என்று நின்றுவிடும். பயந்துபோய் ஓங்கி இழுத்தால் கயிறு அறும். புதியவர்கள் முதலில் உடைக்கும் சாமான் எது என்று கேட்டால் யோசிக்காமல் புல் ஸ்டார்ட் கயிறு என்பேன்.

நான் செய்வது இதுதான். வீட்டு ஹேர் டிரையரை எடுத்து (கேட்டுவிட்டு எடுப்பது நல்லது) சிலிண்டர் தலையை இரண்டு மூன்று நிமிடம் சூடாக்குவேன். கையில் தொட முடியாத சூடு வந்ததும் பிஸ்டன் இளகிவிடும். சக்கரம் தரையில் படாமல் வண்டியை ஒரு மரக்கட்டை மேல் வைத்துக்கொண்டு, சைலன்சர் வாயை விரலால் ஒரு கணம் பொத்தி, கயிற்றை மெதுவாக இழுத்தால் எரிபொருள் குழாயில் நகர்ந்து வருவது தெரியும். கார்புரேட்டர் வரை வந்ததும் விரலை எடுத்துவிட வேண்டும். அப்புறம் இக்னைட்டரை மாட்டி, ஒரு சாண் நீளத்துக்குச் சின்னச் சின்னதாக வெடுக் வெடுக்கென்று இழுப்பது. முழுக் கயிற்றையும் வெளியே உருவக் கூடாது. இறுகினால் எரிபொருள் உள்ளே நிறைந்துவிட்டது என்று அர்த்தம். பிளக்கைக் கழற்றி, வண்டியைக் கவிழ்த்துப் பிடித்து, துணி போட்டு மூடி, நாலு இழுப்பு இழுத்தால் துப்பிவிடும். அது முகத்துக்கு நேராகத் துப்பும், குனிந்து பார்க்காதீர்கள்.

எப்படிப் பழக்குவது என்பதில் இரண்டு கட்சி உண்டு. கட்டை மேலேயே வைத்து நாலைந்து டேங்க் சும்மா ஐடிலிங்கில் எரிப்பது பழைய கட்சி. அப்படிக் குளிர்ச்சியாக ஓட்டினால் இறுகிய ஸ்லீவ்தான் தேயும், ஆகவே 90 டிகிரி வரை சூடேற்றி, மண்ணில் மெதுவாக ஓட்டியே பழக்கு என்பது புதுக் கட்சி. இரண்டு வழியிலும் இன்ஜின் பழக்கியிருக்கிறேன், இது வாழ்ந்தது அது செத்தது என்று சத்தியம் செய்யும் அளவுக்கு வித்தியாசம் என் கண்ணில் படவில்லை. இப்போது ஒரு டேங்க் கட்டை மேல், மீதி நாலைந்து டேங்க் தரையில் ஓட்டுகிறேன், டேங்குக்கு டேங்க் நன்றாக ஆறவிட்டு. கட்சிப் பூசலுக்கு அப்பாற்பட்டது ஒன்று உண்டு: இந்தச் சமயம் முழுக்க எரிபொருள் தாராளமாக, அதாவது ரிச்சாக, நீலப் புகை கனமாக விடும்படி இருக்க வேண்டும். எண்ணெய் எரிபொருளோடுதான் வருகிறது. எரிபொருளைக் குறைத்தால் எண்ணெயையும் குறைத்தோம்.

பெட்டியைப் பிரித்ததிலிருந்து கணக்குப் பார்த்தால், பொறுமையாகச் செய்தால் ஒரு முழு நாள், பையன் நச்சரித்தால் ஒன்றரை நாள்.

அதற்குப் பிறகு டியூனிங். கார்புரேட்டரில் முக்கியமாக மூன்று திருகு இருக்கும். முழு வேகத்தில் எரிபொருள் எவ்வளவு போக வேண்டும் என்பதற்குப் பெரிய ஊசி, குறைந்த வேகத்துக்குச் சின்ன ஊசி, ஐடிலிங்குக்கு ஒரு திருகு. எதைத் திருப்பினாலும் ஒரு சுற்றில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் திருப்பாதீர்கள். திருப்பிவிட்டு ஓட்டிப் பார்த்து அடுத்ததைத் தொடுங்கள். இன்ஜின் தலையில் சூடு 105 முதல் 120 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் நிம்மதி. வெப்பமானி இல்லாத காலத்தில் தலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுவோம். தோசைக்கல்லில் தெளித்தது மாதிரி உடனே துள்ளித் தெறித்தால் அதிகச் சூடு, மூன்று நாலு வினாடி கொதித்து அடங்கினால் சரி, அப்படியே உட்கார்ந்திருந்தால் இன்னும் ரிச். வெப்பமானி இருந்தாலும் கண் பார்க்க வேண்டியது புகையைத்தான். முழு வேகத்தில் போகும்போது பின்னால் மெல்லிய புகைக்கோடு ஒன்று எப்போதும் தெரிய வேண்டும்.

காலை ஏழு மணிக்கு வைத்த டியூனிங் பதினொரு மணிக்குச் சரியாக இருக்காது. வெயில் ஏறினால் காற்றின் அடர்த்தி குறையும், அதே ஊசி இப்போது ரிச்சாகிவிடும், வண்டி திக்கும். குளிர்ந்த காலையில் நேர் எதிர்: முந்தின நாள் மத்தியானம் வைத்தது லீனாகிவிடும், அதாவது காற்றுக்கு எரிபொருள் போதாமல் போகும், இதுதான் இன்ஜினைக் கொல்லும். ஒருமுறை ஊட்டிக்கு எடுத்துப் போனேன். 2,200 மீட்டருக்கு மேல், குளிர் ஒரு பக்கம் எரிபொருளைக் கூட்டு என்கிறது, மெலிந்த காற்று குறை என்கிறது. காலை முழுக்க ஊசியைத் திருகிக்கொண்டே இருந்துவிட்டு மத்தியானம் கேரட் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தேன். இந்தத் திருகல் உங்களுக்குச் சுவாரசியமாகத் தோன்றினால் நைட்ரோ உங்களுக்கானது. எரிச்சலாகத் தோன்றினால் இப்போதே தெரிந்துகொண்டது நல்லது.

என் முதல் இன்ஜினைக் கொன்றவன் நான்தான். நண்பர் வண்டி என்னுடையதைவிட வேகமாகப் போகிறது என்று பெரிய ஊசியைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே திருகிக்கொண்டே போனேன். ஒவ்வொரு திருகலுக்கும் வேகம் கூடியது. குரலும் மாறியது, கரகரப்பு போய்க் கீச்சென்று ஆனது. புகைக்கோடு மறைந்ததைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். அன்று வண்டி என்றுமில்லாத வேகத்தில் ஓடியது, சுமார் நாற்பது வினாடி. பிரித்துப் பார்த்தபோது கனெக்டிங் ராடு இரண்டு துண்டு, பிஸ்டனின் பாவாடை உடைந்து கிராங்கேஸ் முழுக்கத் தூள். இன்னும் பட்டறை மேசை டிராயரில் வைத்திருக்கிறேன்.

இப்போது உங்கள் இரண்டு வண்டிகள். வறண்ட ஏரி என்றீர்கள். அங்கே தரை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்: பாளம் பாளமாக வெடித்த வண்டல், நடுவில் மாட்டுக் குளம்படி காய்ந்த குழிகள், ஓரத்தில் சீமைக்கருவேல முள். 1/10 வண்டி ஏறக்குறைய 40 சென்டிமீட்டர் நீளம், சின்னச் சக்கரம். அந்த வெடிப்புகளில் அது ஓடாது, குதிக்கும். 1/8 பக்கி அரை மீட்டர் நீளம், மூன்று கிலோவுக்கு மேல் எடை, அலுமினியச் சேசிஸ், நாலு சக்கரத்துக்கும் ஷாஃப்ட் வழியாக இழுவை, முன்னும் நடுவும் பின்னும் என்று மூன்று டிஃபரன்ஷியல். இந்த வகை வண்டி பிறந்ததே அப்படிப்பட்ட தரையில் பந்தயம் ஓட்டத்தான். அந்தத் தரையில் ஓட்டுவதாக இருந்தால் நான் 1/8 பக்கம்தான்.

அதற்காக எந்த 1/8 வண்டியும் சரி என்று சொல்லவில்லை. வாங்கும்போது நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: இந்த வண்டியின் முன்பக்கக் கீழ் ஆர்ம் (சக்கரத்தைச் சேசிஸோடு இணைக்கும் கை) உடைந்தால் எனக்கு எங்கிருந்து, எத்தனை நாளில் வரும்? ஆர்ம் உடையும், சந்தேகமே வேண்டாம். ஜப்பானின் கியோஷோ இன்ஃபெர்னோ வரிசை, தைவானின் ஹோபாவோ ஹைப்பர் வரிசை, அமெரிக்காவின் லோசி எய்ட் வரிசை, இவையெல்லாம் பல வருடமாக ஒரே அடிப்படையில் மாறி மாறி வந்துகொண்டிருப்பவை. கியோஷோக்காரர்கள் ரெடி டு ரன் என்பதை ரெடிசெட் என்பார்கள், அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். இவற்றுக்கு ஒவ்வொரு பாகத்துக்கும் எண் போட்ட படம் இணையத்தில் கிடைக்கும், அந்த எண்ணைச் சொல்லி எங்கிருந்தும் வரவழைக்கலாம். போன வருட மாடல் தள்ளுபடியில் கிடைத்தால் தயங்காமல் எடுங்கள், பாகங்கள் பெரும்பாலும் ஒத்துப்போகும். மலிவான பக்கத்தையும் நான் ஒதுக்கவில்லை. சீனாவின் எச்எஸ்பி வண்டிகள் வேறு வேறு பெயர்களில் உலகம் முழுக்க விற்கின்றன, அதனாலேயே உதிரிபாகம் மலிவு. விலைக்கு ஏற்ற பிளாஸ்டிக்தான், ஆனால் உடைந்தது கிடைக்கும். விளம்பரத்தில் கம்பெனிப் பெயரே இல்லாமல் படம் மட்டும் இருக்கும் வண்டியை, அது 1/8 ஆக இருந்தாலும், தொடவே தொடாதீர்கள்.

கையில் எடுத்துப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் இதையெல்லாம் பாருங்கள். சக்கரத்தின் நடுவில் இருக்கும் அறுகோணம் 17 மில்லிமீட்டரா என்று கேளுங்கள், 1/8 பக்கிக்கு அதுதான் வழக்கம், டயர் எங்கு வாங்கினாலும் பொருந்தும். எல்லா அச்சிலும் பால் பேரிங் இருக்க வேண்டும், புஷ் போட்டிருந்தால் மண் தின்றுவிடும். திருகுகள் ஆலன் கீ போடும் வகையா, ஸ்டார் வகையா என்று பாருங்கள். ஸ்டார் தலை மூன்றாவது தடவை கழற்றும்போது வழுக்கும், லேத்காரன் சொல்கிறேன், நம்புங்கள். பழைய வண்டி வாங்குவதாக இருந்தால் இன்ஜின் ஆறியிருக்கும்போது பிளக் போட்டபடியே ஃப்ளைவீலைக் கையால் சுற்றச் சொல்லுங்கள். உச்சியில் பிடித்து நிற்க வேண்டும். வழவழவென்று சுற்றினால் ஸ்லீவ் தேய்ந்துவிட்டது, புது இன்ஜின் விலையைக் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள். புது வண்டியாகவே இருந்தாலும் முதல் முறை ஓட்டுவதற்கு முன், உலோகத்துக்குள் போகும் திருகுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, திருகு கழலாமல் பிடிக்கும் நீல நிற திரெட்லாக் பசை ஒரு சொட்டு வைத்துத் திரும்ப முறுக்குங்கள். 30,000 சுற்று அதிர்வில் மற்றதெல்லாம் கழன்றுவிடும்.

பையன் விஷயம். இந்த வண்டிகளின் பெட்டியில் பெரும்பாலும் 14 வயதுக்கு மேல் என்றுதான் போட்டிருக்கும், அதில் அர்த்தம் இருக்கிறது. மூன்றரைக் கிலோ உலோகம் 60 கிலோமீட்டர் வேகத்தில் கணுக்காலில் மோதினால் எலும்பு முறியும். ஓட்டுவது அவனாக இருக்கட்டும், கிளப்புவதும் எரிபொருள் ஊற்றுவதும் நீங்களாக இருங்கள். மெத்தனால் தோல் வழியாகவும் உள்ளே போகும், கையுறை போடுங்கள். அது பற்றினால் பகல் வெளிச்சத்தில் தீ கண்ணுக்குத் தெரியாது, காற்று அலைபாய்வது மட்டும்தான் தெரியும். ஒரு வாளித் தண்ணீர் பக்கத்திலேயே இருக்கட்டும், மெத்தனால் தண்ணீரில் கலந்துவிடும் என்பதால் நிறைய ஊற்றினால் அணையும். எரிபொருள் டப்பாவைத் தண்ணீர் பாட்டில், ஜூஸ் பாட்டில் பக்கத்தில் வைக்கவே கூடாது. பல எரிபொருளுக்குச் சிவப்பு, பச்சை என்று ரோஸ்மில்க், சர்பத் மாதிரிச் சாயம் போட்டிருப்பார்கள். கொஞ்சம் உள்ளே போனாலே கண் போகும், உயிரும் போகும்.

இன்னொன்று ஃபெயில்சேஃப். ரிமோட் சிக்னல் அறுந்தால் த்ராட்டிலைத் தானாக மூடிப் பிரேக் போடும் வசதி. 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிமோட்களில் பெரும்பாலும் இருக்கும், ஆனால் நீங்கள்தான் அதை அமைக்க வேண்டும். அமைத்த பிறகு இன்ஜினைக் கிளப்பாமல், த்ராட்டிலைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு ரிமோட்டை அணைத்துப் பாருங்கள், கார்புரேட்டர் மூடிக்கொள்ள வேண்டும். அது ரிசீவரில் கரண்ட் இருக்கும் வரைதான் வேலை செய்யும். பேட்டரியே செத்தால் ஃபெயில்சேஃபும் செத்தது. அதற்குக் கார்புரேட்டரைத் திறந்து மூடும் நெம்புகோலில் ஒரு சின்ன ஸ்பிரிங் போட்டு மூடும் பக்கம் இழுத்துக் கட்டுவோம். எனக்கு இது தெரிந்தது, சாதாரண பென்சில் பேட்டரி போட்டு ஓட்டிய ஒரு நாள், வண்டி முழு த்ராட்டிலில் என் பேச்சைக் கேட்காமல் நேராகப் போய் ஒரு காம்பவுண்டுச் சுவரைச் சந்தித்த பிறகுதான். சுவருக்கும் வண்டிக்கும் நடுவில் ஆள் யாரும் இல்லாதது அன்றைக்கு என் அதிர்ஷ்டம்.

ஓட்டி முடித்த பிறகு அரை மணி நேர வேலை உண்டு. டேங்கை வடித்து, மிச்சம் எரிந்து தீரும்வரை இன்ஜினை ஓடவிட்டு நிறுத்தி, பிளக் துளையிலும் கார்புரேட்டரிலும் சில சொட்டு எண்ணெய் விட்டுச் சுற்ற வேண்டும். மெத்தனால் காற்றின் ஈரத்தை உறிஞ்சும், அப்படியே விட்டால் ஒரு மழைக்காலத்தில் பேரிங் துருப்பிடித்துவிடும். வைக்கும்போது பிஸ்டன் கீழே இருக்கட்டும், உச்சியில் இறுகியபடி வைக்காதீர்கள். ஏர் ஃபில்டரின் ஸ்பாஞ்சை ஒவ்வொரு தடவையும் கழுவி எண்ணெய் பூசுங்கள். ஏரி வண்டல் முகப்பவுடரைவிட மெல்லியது, ஒரு சிட்டிகை உள்ளே போனால் ஸ்லீவை உப்புத்தாள் போட்டது மாதிரி தேய்த்துவிடும்.

இவ்வளவையும் படித்துவிட்டு "எனக்கு ஓட்ட மட்டும்தான் ஆசை" என்று தோன்றினால் பிரஷ்லெஸ் மோட்டார் போட்ட எலக்ட்ரிக் பக்கி வாங்குங்கள். சார்ஜ் போட்டு ஓட்டலாம், இதைவிட வேகமும் போகும், சத்தம் குறைவு என்பதால் பக்கத்து வீட்டுக்காரரும் நம்மோடு பேசுவார். நைட்ரோக்காரனான நான் இதைச் சொல்வதில் வெட்கமில்லை. ஆனால் ஆர்எக்ஸ் சத்தம் கேட்டால் இன்னும் திரும்பிப் பார்க்கிறவர் நீங்கள் என்றால், எரிபொருள் கடைக்காரர் நல்ல பதில் சொன்னால், அந்த 21 இன்ஜின் 1/8 வண்டியையே எடுங்கள், பெயர் தெரிந்த கம்பெனியாக, புல் ஸ்டார்ட் உள்ளதாக. கையோடு முன் ஆர்ம் ஒரு ஜோடி, க்ளோ பிளக் ஐந்து, கிளட்ச் பெல் பேரிங் ஒரு ஜோடி, புல் ஸ்டார்ட் ஒன்று. விளம்பரத்தில் கம்பெனிப் பெயரும் மாடல் எண்ணும் இருந்தால் இங்கேயே போடுங்கள், பாகப் படம் கிடைக்கிறதா என்று தேடிப் பார்த்துச் சொல்கிறேன். வாங்கிய பிறகு இன்ஜின் கிளம்பவில்லை என்றால் கழற்றிய க்ளோ பிளக்கின் அடிப்பக்கத்தைக் கிட்டத்தில் படமெடுத்துப் போடுங்கள். சுருள் நசுங்கியிருக்கிறதா, நனைந்திருக்கிறதா, வெளிறிக் கிடக்கிறதா என்று பார்த்தால் பாதி நோய் தெரிந்துவிடும். மீதி பாதிக்கு இன்ஜின் ஓடும் சத்தம் கேட்க வேண்டும், பத்து வினாடி வீடியோ இருந்தால் போதும்.